மொட்டைப் பனை

மதுரையில் சில பேர் ஒரு ஆளை வெட்டுவதற்கு முன்னாலும் ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள், வெட்டி முடித்த பிறகும் அடிப்பார்கள். இரண்டுக்குமே துளசிராமிடம்தான் வருவார்கள். முனிச்சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் அவர் கடை. பெயர்ப் பலகையில் ஓர் எழுத்து கிடையாது. உதட்டின் மேல் விரலை வைத்த ஒரு முகம் மட்டும். 'உஷ்ஷு கடை' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் நேராகக் கொண்டுவந்து விடுவார்கள். பேரை எழுதாமலே பேர் வாங்கிய கடை என்று அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

பெருமைப்பட விஷயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற மனுசன், கடையில் வந்து உட்கார்ந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமம் அத்தனையின் பாஷையும் அத்துப்படி. வாய் பேசுகிற பாஷையைச் சொல்லவில்லை, கண் பேசுகிற பாஷையை. பார்டரில் எந்த இரண்டு நிறத்தை அடுத்தடுத்து வைத்தால் எந்தத் தெருக்காரன் நெஞ்சை நிமிர்த்துவான், புலி எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் யாருக்கு ரோஷம் வரும், மாட்டுக் கொம்பின் நுனியில் ஒரு சொட்டுச் சிவப்பு வைத்தால் என்ன அர்த்தம், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அங்கேதான் வந்தது வினை.

போன சித்திரையில் பக்கத்துத் தெரு டிசைன்காரன் ஒருவன் நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்றில் 'பொறு' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுக் கொடுத்தான். அது தொங்கிய நாலாவது நாள் ஒருவனுடைய தலை போனது. போலீஸ் டிசைன்காரனைத் தூக்கிக்கொண்டு போய்ச் செவிட்டில் விட்ட அறையில், இன்றைக்கும் அவனுக்கு இடது காது கேட்காது. அதிலிருந்து அந்த மாதிரி ஃப்ளெக்ஸில் எழுத்து போடுவதானால் ஸ்டேஷனில் காட்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று ஆயிற்று. படத்தை யாரும் கேட்கவில்லை. மாலை போட்ட முகத்துக்குக் கீழே ஒரு மாடு நின்றால் எந்த இன்ஸ்பெக்டர் என்ன கேட்டுவிட முடியும்? சொல்ல வேண்டியதையெல்லாம் படத்திலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். துளசிராம் கடையில் கூட்டம் கூடியது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறந்த கையோடு அசோக்குமார் வந்தான். அலங்காநல்லூருக்கு வடக்கே புளியேந்தல் அவன் ஊர். முப்பது வயசு இருக்கும். அவன் தம்பி பாண்டீஸ்வரனை வெட்டிக் கொன்று, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம்.

ஜல்லிக்கட்டில் மாடு அவிழ்ப்பதில் வந்த தகராறு அது. பக்கத்து ஊர் ஆட்கள் நாலு பேர் பாண்டீஸைத் தேடிக்கொண்டு திரிந்தார்கள். அவனை ஒரு தென்னந்தோப்பில் பம்புசெட் ரூமுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அசோக்குமாரைத் தவிர அந்த இடம் தெரிந்தவர்கள் மொத்தம் ஐந்தே பேர். ஆனாலும் மூன்றாம் நாள் மத்தியானம் அந்த நாலு பேரும் நேரே அங்கேயே வந்து, கதவைக் கோடாலியால் பிளந்து, சாப்பிட உட்கார்ந்தவனை எழுந்திருக்கவிடாமல் வெட்டிப் போட்டார்கள். பிசைந்த சோறு கையிலேயே இருந்ததாம்.

"வெட்டுன நாலு பேரும் ஜாமீன்ல திரியிறானுக. அவனுகள எனக்குத் தெரியும்ணே, அது பெறகு," என்றான் அசோக்குமார். "கை காட்டிவிட்டவன் எவன்? அஞ்சு பேருல ஒருத்தன். எந்தம்பிக்குச் சோறு கொண்டுபோனவன், கூட ஒக்காந்து சீட்டு வெளாண்டவன்... எவன்னு தெரியாம ஒரு வருசமா அஞ்சு பேரு மூஞ்சியையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத் திரியிறேன்." பேசிக்கொண்டே ஃப்ளெக்ஸுக்குச் சட்டம் அடிக்க அங்கே கிடந்த ரீப்பர்க் கட்டை ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து முறித்தான். கட்டைச் சிலாம்பு உள்ளங்கையில் ஏறி ரத்தம் வந்ததை அவன் பார்க்கக்கூட இல்லை.

"எழுத்து வேணாம்ணே. ஞாயித்துக்கெழம அந்த எடத்துலயே படையல் போடுறோம். ஃப்ளெக்ஸப் பாத்ததும் அந்த அஞ்சு பேருல ஒருத்தனுக்கு ஈரக்கொல நடுங்கணும். அம்புட்டுத்தான்."

துளசிராமுக்கு இந்த மாதிரி வேலை என்றால் சர்க்கரைப் பொங்கல். பாண்டீஸின் முகத்தைப் பெரிதாக நடுவில் வைத்தார். கண்ணை மட்டும் கொஞ்சம் திருத்தி, எங்கே நின்று பார்த்தாலும் நம்மையே பார்க்கிற மாதிரி செய்தார். கீழே இடது பக்கம் ஒரு காளை, தலையைத் தாழ்த்தி, மண்ணைக் கிளறிக்கொண்டு. கொம்பு நுனியில் சிவப்பு. பின்னால் மாலை வெயில். எல்லாம் சரி, வலது பக்கம் கீழ் மூலை காலியாகக் கிடந்தது. மூலை காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த மரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேம்பு அடைசலாக இருந்தது. தென்னை சினிமா மாதிரி இருந்தது. கடைசியில் தலை முறிந்த ஒரு மொட்டைப் பனையை எடுத்து மூலையில் நிறுத்தினார். கறுப்பாக, ஒற்றையாக, எடுப்பாக நின்றது. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பனைக்கு வேறு ஒரு அர்த்தமும் கிடையாது.

பின்னால் நின்ற அசோக்குமார் திரையை ஒட்டிக் குனிந்தான். திரும்பிப் பார்த்தால் அவன் முகம் வெளிறிப் போயிருந்தது.

"இத ஏண்ணே வச்சீங்க?"

'மூலை காலியா இருந்துச்சு தம்பி' என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஒரு உயிர் பிழைத்திருக்கும். சொன்னாரா? தலைக்கனம் விடுமா? நாற்காலியில் சாய்ந்து, ஒரு சிரிப்பு வேறு சிரித்து, "எங்கிட்ட ஒரு புள்ளிகூடச் சும்மா வராது தம்பி. பாக்க வேண்டியவன் பாத்தாப் புரிஞ்சுக்கிருவான்," என்றார்.

"அந்த நாலு பேரோட ஆளுகளும் ஒங்க கடையிலதான அடிக்கிறாங்க?"

"எல்லாரும் இங்கதான் வந்தாகணும். இங்க ஒக்காந்து பேசாதது எதுவும் இல்ல."

அசோக்குமார் குனிந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கை ரத்தம் அவர் விரலில் ஒட்டியது. "பிரின்ட் போட்ருங்கண்ணே," என்றான். தன் வேலையைப் பார்த்துத்தான் இவன் இப்படி உருகுகிறான் என்று அந்த மனுசனுக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

வியாழக்கிழமை புளியேந்தலில் ஃப்ளெக்ஸ் ஏறியது. சனிக்கிழமை காலையில் கடைக்குள் ஒரு பெண் நுழைந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயசு. சேலையில் முழங்கால் வரை காய்ந்த ரத்தம். யார், என்ன என்று கேட்பதற்குள், ஃப்ளெக்ஸ் சுற்றிவருகிற பைப் ஒன்றை உருவித் துளசிராமின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. மூன்றாவதில் மேஜைக் கண்ணாடி போனது.

"என்னம்மா! ஏய், என்னம்மா இது!"

"என்னவா? எங்க வீட்டுப் பேரு என்னன்னு தெரியுமாய்யா ஒனக்கு? மொட்டப்பன வீடு! மொட்டப்பன வீடு!"

அவள் பெயர் தமிழ்வாணி. அவள் புருஷன் முத்துக்குமரன் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் தாத்தா காலத்தில் வீட்டு வாசலில் நின்ற பனையில் இடி விழுந்து தலை முறிந்தது. மரம் அப்போதே விறகாகிப் போய்விட்டது. பேர் மட்டும் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. புளியேந்தலில் நாலு முத்துக்குமரன் உண்டு. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவனில் இருந்து தபால்காரன் வரைக்கும் இவனை மொட்டைப்பனை முத்துக்குமரன் என்றுதான் சொல்வார்கள். அந்த ஐந்து பேரில் இவனும் ஒருவன். பம்புசெட் ரூமுக்குத் தன் வண்டியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவன் இவன்தான்.

துளசிராம் அப்படியே கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு லோடு எடுக்கக் கெளம்புனாக. கம்மாக்கரையில அசோக்கு ஆளுக மறிச்சிட்டானுக. வண்டிக் கண்ணாடிய வெட்டி, கைய வெட்டி... இவுக குதிச்சு ஓடி வந்துட்டாக. பதினோரு தையலு. வீட்டுக்குள்ள கெடக்காக. 'ஞாயித்துக்கெழம படையலுக்கு ஒன் தலதாண்டா'ன்னு வாசல்ல வந்து கத்திட்டுப் போறானுக," என்றாள். மூச்சு இரைத்தது. "அந்தத் தோப்புல வெட்டு விழுந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு எங்கன இருந்தாக தெரியுமா? தேனியில வாழத்தாரு ஏத்திக்கிட்டு இருந்தாக. ஒரு வருசமா எவனும் ஒரு வார்த்த சொல்லல. நீ எப்பிடிய்யா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. சத்தியமா எனக்கு உங்க வீடே தெரியாது. மூல காலியா இருந்துச்சு... ஒரு மரம்..."

"மூல காலியா இருந்துச்சா?" அவள் அவரையே பார்த்தாள். கையில் இருந்த பைப்பைக் கீழே போட்டாள். அடித்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

ஸ்டேஷனுக்குப் போகவில்லையா என்று கேட்டார். போயிருக்கிறாள். வெட்டினதற்கு எழுதிக் கொடுங்கள், ஆளைப் பிடிக்கிறோம் என்றார்களாம். ஃப்ளெக்ஸை எடுங்கள் என்று செல்போனில் படம் பிடித்துக் காட்டியிருக்கிறாள். "இதுல ஒரு எழுத்துகூட இல்லையேம்மா. மரம் நிக்கிறது ஒரு குத்தமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நீ வச்ச மரம். நீயே எடு," என்று சொல்லி, தன் செல் நம்பரை மேஜையில் கிடந்த தாளில் கிறுக்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

சத்தம் கேட்டுச் சந்தில் கூடிய கூட்டம் கலைந்ததும் துளசிராம் அசோக்குமாருக்குப் போன் போட்டார்.

"தம்பி, பெரிய தப்பு நடந்துபோச்சு. அந்தப் பன சும்மா வச்சது. எடம் காலியா இருந்துச்சுன்னு வச்சேன். அந்த ஆளுக்கும் உங்க தம்பி விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கான்னு எனக்கு எதுவுமே தெரியாது."

"அவ வந்து ஒங்கள அடிச்சாளாமே," என்றான் அசோக்குமார்.

"அதுக்காகச் சொல்லல தம்பி. எம் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"சரிண்ணே."

"என்ன சரி?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. போன்ல இம்புட்டு நேரம் பேசுறதே தப்புண்ணே. எவன் கேட்டுக்கிட்டு இருக்கானோ." சின்னதாகச் சிரித்தான். "ஒங்க மேல ஒரு துரும்பு படாது. நான் இருக்கேன்."

என்ன சொல்லி என்ன செய்ய? வாயால் சொல்வதெல்லாம் போலீஸ் காதுக்கு, மெய்யான சேதி படத்தில்தான் இருக்கும் என்று அந்த ஆட்களைப் பழக்கி வைத்ததே இவர்தானே. எத்தனை பேரிடம் இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, 'வாய்ல சொல்றத விடுங்க, படத்தப் பாருங்க' என்று பீற்றியிருப்பார்!

அப்படியானால் படத்தையே மாற்றிவிடுவோம் என்று தோன்றியது. தோன்றியதும் பழைய தெம்பு கொஞ்சம் வந்தது. கம்ப்யூட்டரில் அந்த ஃப்ளெக்ஸைத் திறந்து, பனையை அழித்தார். அது நின்ற இடத்தில் வானத்தை இழுத்து நிரப்பினார். வேர் இருந்த இடத்தில் மண்ணைச் சமப்படுத்தினார். மரம் இருந்த சுவடே இல்லை. ஊர் பார்க்கும், மரம் இல்லை என்றால் முத்துக்குமரன் மேல் பழியும் இல்லை. வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

அசோக்குமாரை மறுபடி கூப்பிட்டு, "பிரின்டுல ஒரு கோடு விழுந்திருக்கு, படையலுக்கு அது ஆகாது, மாத்தித் தாரேன்," என்றார். "நீங்களே வந்து கட்டுறீங்களாண்ணே?" என்று கேட்டான். "நானே வாரேன்," என்றார். "அப்பச் சரிண்ணே," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புது ஃப்ளெக்ஸைச் சுருட்டி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அலங்காநல்லூர் தாண்டி வண்டியை நிறுத்தித் தமிழ்வாணிக்குப் போன் செய்தார். "மரத்த எடுத்துட்டேம்மா. இனிமே பயம் இல்ல. உங்க வீட்டுக்காரரு ஒளிஞ்சுக்கிட்டு இருந்தாத்தான் சந்தேகம். ஒரு மாலைய வாங்கிக்கிட்டு நேரா வரச் சொல்லுங்க. எல்லாரு முன்னாடியும் நானே பேசி விட்டுர்றேன்."

"வேணாம்ணே. அவுக வீட்டுக்குள்ளயே கெடக்கட்டும்."

"எம் பேச்ச நம்பும்மா. படம் மாறிருச்சுன்னா எல்லாம் மாறிரும். அவங்கள எனக்குத் தெரியும்."

தெரியுமாம்! இதற்கு மேல் அந்த ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம்.

தென்னந்தோப்பு ஓரத்தில் நூறு நூற்றைம்பது பேர் கூடியிருந்தார்கள். பாண்டீஸ் விழுந்த இடத்தில் வாழையிலை போட்டு, கறிச்சோறும் அவித்த முட்டையும் வைத்திருந்தார்கள். பந்தோபஸ்துக்கு வந்த இரண்டு போலீஸ்காரர்கள் மோட்டார் தொட்டியின் நிழலில் நின்றார்கள். துளசிராமே சவுக்குக் கம்பில் ஏறிப் பழையதை அவிழ்த்தார், புதியதை இழுத்துக் கட்டினார். இறங்கித் திரும்பிப் பார்த்தார்.

அத்தனை கண்ணும் அந்த வலது மூலையில் இருந்தது. மூன்று நாளாக அங்கே ஒரு மரம் நின்றது. இப்போது மரம் இல்லை. ஒரு கிழவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவன் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

அசோக்குமார் மட்டும் பக்கத்தில் வந்தான். "மரத்தச் சாச்சாச்சு," என்றான், வாய்க்குள்ளேயே.

அந்த நொடியில்தான் துளசிராமுக்கு உறைத்தது. "இல்ல தம்பி! அது அர்த்தமில்ல! மரமே வேண்டாம்னு எடுத்தேன்! கேளுங்க எல்லாரும், முத்துக்குமரன் ஒண்ணும் பண்ணல! அவருக்கு இதுல சம்பந்தமே இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அசோக்குமார் ஓரக்கண்ணால் போலீஸ்காரர்களைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்துக் கண்ணாலேயே மெச்சினான். "போதும்ணே, அவுகளுக்குக் கேட்டிருச்சு," என்றான்.

தோப்பு வரப்பில் முத்துக்குமரன் வந்துகொண்டிருந்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான், மற்ற கையில் ஒரு ரோஜா மாலை. நாலடி பின்னால் தமிழ்வாணி. "வராதீங்க! திரும்பிப் போங்க!" என்று துளசிராம் அலறினார். அவன் அதைக் கேட்டு நின்றான். நின்றது இன்னும் வசதியாகப் போயிற்று. படையலுக்குப் பின்னால் வைக்கோலுக்குள் சொருகி வைத்திருந்த அரிவாள்கள் வெளியே வந்தன. மூன்று பேர் ஓடினார்கள்.

முதல் வெட்டைக் கட்டுப் போட்ட கையால் தடுத்தான். தையல் பிரிந்து கை தொங்கியது. மாலையை அப்போதும் விடவில்லை. "அசோக்கு, நான் இல்லடா, நான் இல்லடா," என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனவன் வரப்பு தடுக்கி விழுந்தான். விழுந்தவனின் கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. துளசிராம் போய் ஒருவனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அசோக்குமார் அவர் சட்டைக் காலரைப் பிடித்து, பிள்ளையை விலக்குகிற மாதிரி விலக்கி, "தள்ளுங்கண்ணே, ஒங்க மேல பட்டுரப் போகுது," என்றான். சொல்லிவிட்டு அவன் பங்குக்கு வெட்டினான். லத்தியோடு ஓடிய போலீஸ்காரர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தமிழ்வாணி புருஷன் மேல் குப்புறக் கிடந்தாள். அவளைத் தூக்கியபோது அவள் முகம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

அசோக்குமார் அரிவாளைப் படையல் இலையில் வைத்துவிட்டுத் தானாகவே ஜீப்பில் ஏறினான்.

துளசிராமும் ஏறினார். ஸ்டேஷனில், "நான்தான் சார் கொன்னேன்," என்றார். மூலை காலியாக இருந்தது முதல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் இரண்டு ஃப்ளெக்ஸையும் தரையில் விரித்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுல மரம் இருக்கு, ஒண்ணுல மரம் இல்ல. நான் எந்தச் செக்ஷன்ல கேஸ் போட?" என்றார். சாட்சி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் தமிழ்வாணி உட்கார்ந்திருந்தாள். துளசிராம் போய்க் காலில் விழப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யி," என்றாள். "இவுக காட்டிக் குடுத்தவுகன்னு ஊரு முடிவே பண்ணிருச்சு. எம் புள்ள நாளைக்கு அந்தத் தெருவுல நடக்கணும்ல? பள்ளிக்கூடம் போகணும்ல? எழுதிக் குடு. படம் கிடம் ஒண்ணும் வேணாம். இவுக ஒண்ணும் பண்ணலன்னு கண்ணுக்குத் தெரியிற மாதிரி எழுதிக் குடு."

எழுதினார். அதையும் ஸ்டேஷனில் காட்டி, கையெழுத்து வாங்கி, அடித்தார். வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து. பார்டர் இல்லை, பூ இல்லை, முகம் இல்லை. 'முத்துக்குமரன் குற்றமற்றவர். பாண்டீஸ்வரனை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. பனை மரத்தைப் படத்தில் வைத்தது என் தவறு. அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.' கீழே தன் பெயர். தகனம் முடிந்த மூன்றாம் நாள், புளியேந்தல் பஸ் ஸ்டாப்பில் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே தானே கட்டினார்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து நின்று பார்த்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் மண்வெட்டியோடு நின்று பார்த்தார்கள். நாலு வரிதான். வாசிக்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் யாரும் நகரவில்லை. வரியைத் தாண்டி, மேலேயும் கீழேயும், வெள்ளையாகக் கிடந்த இடத்தில் எல்லாம் கண்ணை ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எழுத்து ஸ்டேஷனுக்காகப் போட்டது," என்றார் ஒருவர். "அத விடு. ஏன் எல்லாத்தையும் வெள்ளையா விட்ருக்காரு?"

"வெள்ளையடிச்ச வீடு எது நம்மூருல?"

"ஏய், சும்மா இரப்பா."

"ஒண்ணுமே இல்லய்யா!" துளசிராம் கையெடுத்துக் கும்பிட்டார். "எழுதியிருக்கதப் படிங்க! எழுதியிருக்கது மட்டுந்தான்! வேற ஒண்ணுமே இல்ல!"

அவர் கத்தக் கத்தக் கூட்டம் கலைந்தது. போகிறபோது ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள். பத்து மணி வெயிலில் தெருவில் கதவுகளைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஒரே ஒருவன் மட்டும் நின்றான். மொட்டை போட்ட தலை, தோளில் ஈரத் துண்டு. முத்துக்குமரனின் தம்பி சின்னான். அண்ணனுக்குக் கொள்ளி வைத்த கை. அவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் பேச்சில் மரியாதை குறையவில்லை.

"ஊருக்கெல்லாம் தெரிய வேணாம்ணே," என்றான். "எங்களுக்கு மட்டும் சொல்லுங்க. மெய்யா காட்டிக் குடுத்தது யாரு? எந்த வீடு?"

துளசிராம் வாயைத் திறந்தார். தெரியாது என்று சொன்னால் இவன் அதற்கு ஓர் அர்த்தம் எடுப்பான். சத்தியம் செய்தால் அதற்கு ஓர் அர்த்தம். அதனால் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தார்.

அவர் பார்த்த திசையில், கண்மாய்க்கரை ஓரமாக, நீல கேட் போட்ட ஒரு வீடு இருந்தது. சின்னானும் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தான்.

"சரிண்ணே," என்றான். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு நடந்தான்.